ஒட்டும் கிழிசலும்

வாசிப்புப் பகுதி: மத்தேயு 18:15–17





கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிற எவரும் அந்தச் சிறு கட்டத்தை அறிவார்கள். அவசர வேலையின் நடுவே திரையின் ஓரத்தில் அது எழும்பி வரும். புதிய அப்டேட் ஆயத்தமாயிருக்கிறது, கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடியும் தொடங்க வேண்டும், இப்போதே செய்யலாமா அல்லது பிறகு செய்யலாமா என்று கேட்கும். நம்மில் அநேகருடைய விரல் எந்தச் சொல்லின்மேல் போய் நிற்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நாளைக்கும் அது கேட்கும். நாளைக்கும் நாம் 'பிறகு' என்போம். திருத்தப்படுவதைக் குறித்து நம் உள்ளத்தில் இருக்கிற தயக்கம் அந்த ஒரு சொல்லில் வெளிப்படுகிறது. ஆகவே இந்த வாரத் தியானத்தை அங்கிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

இத்தகைய சாப்ட்வேர் திருத்தத்திற்கு 'பேட்ச்' என்று ஒரு பெயர் உண்டு. ஒட்டு என்பதே அதன் பொருள். கம்ப்யூட்டர்களின் தொடக்க காலத்தில் கட்டளைகள் துளையிட்ட காகித நாடாக்களில் பதிக்கப்பட்டன. துளை தவறான இடத்தில் விழுந்துவிட்டால், முழு நாடாவையும் எறிந்துவிடாமல், அந்தத் துளையின்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டுவார்கள். அல்லது பிழையான பகுதியை வெட்டியெடுத்துச் சரியான துண்டை இணைப்பார்கள். நம் தாய்மார் கிழிந்த சட்டைக்கு ஒட்டுப்போட்ட அதே கைவேலைதான். நாடா மறைந்துபோயிற்று, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஒட்டு ஏன் தேவைப்படுகிறது? விண்டோஸ் போன்ற ஓர் இயங்குதளம் கோடிக்கணக்கான வரிகளால் ஆனது. மனிதர் எழுதிய எதிலும் பிழை இருக்கும். அத்தனை வரிகளில் இல்லாமலிருக்குமா? அந்தப் பிழைகளில் சில, திருடன் நுழையத்தக்க ஓட்டைகளாகிவிடுகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்குந்தோறும் அடைக்கவேண்டியிருக்கிறது. 2003 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறது.

இதில் நாம் கவனிக்கவேண்டிய ஒரு காரியம் உண்டு. திருத்தம் வெளியான நாளில் அதை நல்லவர்கள் மட்டும் வாசிப்பதில்லை. தீயவர்களும் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, ஓட்டை எங்கே இருந்தது என்று அறிந்துகொள்கிறார்கள். ஆகவே மருந்து அறிவிக்கப்பட்ட பிறகு அதைப் பெற்றுக்கொள்ளாமல் இருப்பவருக்கு, அறிவிக்கப்படுவதற்கு முன்னிருந்ததைவிட ஆபத்து அதிகம்.

2017-ஆம் ஆண்டில் இது உலகறிய நிகழ்ந்தது. அவ்வாண்டு மார்ச் 14-ஆம் நாளில் விண்டோஸில் இருந்த ஒரு பெரிய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. மே 12-ஆம் நாளில் 'வான்னாக்ரை' என்னும் தீய நிரல் அதே ஓட்டையின் வழியாய் நுழைந்து, ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை அமைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். திருத்தம் வெளியான நாளுக்கும் தாக்குதல் நாளுக்கும் இடையில் 59 நாட்கள் இருந்தன. அந்த 59 நாட்களும் மருந்து கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. அதற்கு விலையும் இல்லை. பெறாதவர்களே பெரும்பாலும் அடிபட்டார்கள்.

இதை வாசிக்கும்போது எனக்குப் பேலிக்ஸ் தேசாதிபதி நினைவுக்கு வருகிறான். அப்போஸ்தலர் 24-ஆம் அதிகாரத்தில், சிறையிலிருந்த பவுலை அவன் தன் மனைவியோடு உட்கார்ந்து கேட்கிறான். நீதி, இச்சையடக்கம், வரப்போகிற நியாயத்தீர்ப்பு ஆகியவற்றைப் பவுல் விளக்கியபோது அவன் நடுங்கினான் என்று லூக்கா எழுதுகிறார். வார்த்தை சரியான இடத்தில் போய்த் தைத்தது. ஆனாலும் அவன், இப்போது போகலாம், சமயம் வாய்க்கும்போது திரும்ப அழைப்பேன் என்ற கருத்தில் பதில் சொல்லி அனுப்பிவிட்டான். பலமுறை அழைத்துப் பேசவும் செய்தான். ஆனால் பணத்தை எதிர்பார்த்தே அழைத்தான். இரண்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. அவனுடைய இடத்திற்கு வேறொருவன் வந்தான். பேலிக்ஸ் 'மாட்டேன்' என்று ஒருபோதும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 'பிறகு' என்று மட்டுமே சொன்னான்.

பிரியமானவர்களே, இத்தோடு நிறுத்திக்கொண்டால் இது எளிதான தியானமாக இருக்கும். உடனே கீழ்ப்படியுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லி ஜெபித்து முடித்துவிடலாம். ஆனால் திருத்தத்தைத் தள்ளிப்போடுகிற எல்லாரும் சோம்பேறிகளும் அல்ல, கடினமுள்ளவர்களும் அல்ல. திருத்தமே காயப்படுத்தியதால் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் உலகிலும் இந்தப் பயத்திற்குக் காரணம் இருக்கிறது. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10-இன் 1809 என்னும் பதிப்பைப் போட்டுக்கொண்ட சிலருடைய கோப்புகள் அழிந்துபோயின. சில நாட்களுக்குள் மைக்ரோசாஃப்ட் அந்த வெளியீட்டை நிறுத்திவைத்து, நவம்பரில் சரிசெய்து மீண்டும் வெளியிட்டது. பல ஆண்டுப் படங்களையும் கடிதங்களையும் இழந்தவரிடம் அடுத்த அப்டேட்டைக் குறித்துப் பேசிப்பாருங்கள்!

அதைவிடப் பெரியது 2024 ஜூலை 19-இல் நிகழ்ந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம், கம்ப்யூட்டர்களைத் தீயவர்களிடமிருந்து காப்பதற்கென்றே இருக்கிற தன் சாப்ட்வேருக்கு ஒரு சிறு திருத்தத்தை அனுப்பியது. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு அது புறப்பட்டது. 20 விவரங்களை எதிர்பார்த்திருந்த ஒரு நிரலுக்கு 21 விவரங்களைக் கொண்ட கோப்பு போய்ச் சேர்ந்தது, தவறு அவ்வளவுதான். அந்தச் சாப்ட்வேரோ விண்டோஸின் உட்கருவாகிய 'கெர்னல்' வரை நுழைய அனுமதி பெற்றிருந்தது. வெளிப்புறத்தில் ஓடுகிற ஒரு நிரல் விழுந்தால் அது மட்டும் விழும். உட்கருவுக்குள் இருப்பது விழுந்தால் முழுக் கம்ப்யூட்டரும் விழும். திரைகள் நீலமாகி நின்றன. மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி ஏறத்தாழ 85 இலட்சம் கம்ப்யூட்டர்கள் செயலிழந்தன. உலகெங்கும் விமானங்கள் நின்றன. மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. நம் நாட்டு விமான நிலையங்களிலும் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த நிறுவனம் 78 நிமிடங்களுக்குள் தன் தவறை உணர்ந்து கோப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் விழுந்தவை விழுந்தவைதான். அவற்றில் பெரும்பாலானவற்றின் முன்பாக ஒரு மனிதர் போய் உட்கார்ந்து, பாதுகாப்பு நிலையில் திறந்து, அந்தக் கோப்பைக் கையால் நீக்கவேண்டியிருந்தது. இந்தக் காரியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உடைப்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தது. சீர்ப்படுத்துவதோ ஒவ்வொன்றாய், அருகே போய், கையால் செய்யப்பட்டது.

இனி ஒரு சகோதரரைக் குறித்துச் சொல்லவேண்டும். அவருடைய சம்மதத்தோடும், அடையாளங்களை மாற்றியும் எழுதுகிறேன். அவர் ஒரு சிறு ஜெராக்ஸ் கடை நடத்துகிறவர். ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுப்பார். ஒரு சனிக்கிழமை மாலையில், ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு ஒரு குடும்பம் வெளியூரிலிருந்து வந்து போதகர் இல்லத்தின் திண்ணையில் காத்திருந்தது. எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரோ தானாகவே அப்டேட்டில் இறங்கி, 30 சதவீதத்தில் நின்று, அணைக்கவேண்டாம் என்று எச்சரித்துக்கொண்டு, நாற்பது நிமிடங்களாய் அசையாமல் இருந்தது. அந்தப் பொறுமைச் சோதனையை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். வேறு வழியின்றிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அந்தச் சகோதரரின் கடைக்குப் போனேன்.

அவர் சான்றிதழைத் தட்டச்சு செய்து முடித்தபோது அவருடைய திரையின் ஓரத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றியது. கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு இல்லை என்று அது சொன்னது. அவர் பார்க்காமலே அதை மூடினார்.

"தம்பி, அதை எப்பதான் போடப்போறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"போட மாட்டேன் ஐயா. நிறுத்தி வச்சு நாலு வருஷம் ஆச்சு. ஒரு தடவை நம்பிப் போட்டேன். மறுநாள் காலையில பிரிண்டர் ஓடல. பாக்கிக் கணக்கு வச்சிருந்த ஃபைல் திறக்கல. ஸ்கூல் அட்மிஷன் நேரம் வேற. மூணு நாள் கடையைப் பூட்டி வச்சேன். வைரஸ் வந்தா வரட்டும் ஐயா, அது எப்பவோ வரும். இது உடனே அடிக்குது."

அவருடைய சொற்களில் இருந்த நியாயத்தை என்னால் மறுக்க முடியவில்லை. தூரத்து ஆபத்தைவிட, முன்பு பட்ட அடி மனிதருக்குப் பெரிதாய்த் தெரியும்.

கடையை அடைக்கும் நேரமாயிற்று. தேநீர் வரவழைத்தார். அவர் ஒன்பது ஆண்டுகளாக எந்த ஆலயத்திற்கும் போகாதவர், திருவிருந்தில் பங்குபெறாதவர் என்பதை நான் அறிந்திருந்தேன், காரணத்தை அறியேன். அன்று அவரே சொன்னார். முன்பு அவர் சேர்ந்திருந்த வேறொரு சபையில், அவருடைய வீட்டுக் காரியம் ஒன்று ஆராதனை நேரத்தில் பெயர் சொல்லிக் கண்டிக்கப்பட்டது. அதற்கு முன்பு யாரும் அவரிடம் வந்து பேசவில்லை.

"தப்பு எங்க வீட்டுலயும் இருந்துச்சு ஐயா. இல்லேன்னு சொல்லல. ஆனா மைக்குல சொல்றதுக்கு முன்னாடி, ஒரு நாள் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு கேட்டிருக்கலாம். எம் பொண்ணு அன்னைக்கு அங்கதான் உக்காந்திருந்தா."

அதன் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, இந்த வார வாசிப்புப் பகுதியை அந்தச் சகோதரரின் வார்த்தைகளுக்கு அருகே வைத்து வாசியுங்கள். ஒரு சகோதரன் தவறினால் என்ன செய்யவேண்டும் என்று நம் ஆண்டவர் ஒழுங்கு ஒன்றை வைத்திருக்கிறார். முதலாவது, நீயும் அவனும் மட்டும் தனித்திருக்கையில் பேசு. அவன் செவிகொடாவிட்டால், ஒருவரையோ இருவரையோ உடன் அழைத்துக்கொண்டு போ. அதற்கும் இணங்காவிட்டால்தான் சபைக்குத் தெரிவி. முதல் படியிலேயே அவன் கேட்டுவிட்டால் காரியம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய் என்கிறார். கண்டிப்பதன் நோக்கம் சகோதரனை இழக்காமல் இருப்பதே. அதனால்தான் படிகள் வேண்டும்.

2024-இல் விழுந்த கம்ப்யூட்டர்களிலிருந்து அந்த நிறுவனம் கற்றுக்கொண்ட பாடமும் இதற்கு வெகு அருகில் நிற்கிறது. அத்தகைய திருத்தங்களை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், முதலில் ஒரு சிறு தொகுதிக்கு அனுப்பி, தீங்கில்லை என்று கண்ட பிறகே அடுத்த தொகுதிக்கு அனுப்பும் முறையை அது ஏற்படுத்தியது. இழப்பு கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது. நமக்கோ நம் ஆண்டவர் முன்னமே கற்றுக்கொடுத்திருக்கிறார். ஆனாலும் நம் சபைகளில் எத்தனை முறை மூன்றாம் படியிலிருந்து தொடங்குகிறோம்! குடும்பங்களிலும் அப்படியே. பிள்ளையிடம் தனியே கேட்கவேண்டியதை உறவினர் கூடியிருக்கும் பந்தியில் கேட்கிறோம். மனைவியிடம் அறைக்குள் சொல்லவேண்டியதை வாட்ஸ்அப் குழுவில் ஜாடையாய் எழுதுகிறோம்.

போதகர்களும் மூப்பர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் பிறருடைய உட்கருவுக்குள் நுழைய அனுமதி பெற்றவர்கள். மக்கள் தங்கள் கண்ணீரையும் இரகசியங்களையும் நம்மிடம் திறந்துவைக்கிறார்கள். வழிப்போக்கன் சொல்லும் கடுஞ்சொல் தோலில் படும். நாம் சொல்லும் கடுஞ்சொல் அடித்தளத்தில் படும். படுகிறவருடைய விசுவாசத்தையே நிறுத்திவிடக்கூடும். அத்தனை உள்ளே போகிறவர் எவ்வளவு பரிசோதித்துப் பேசவேண்டும்! பிறர் கண்ணிலுள்ள துரும்பை எடுக்குமுன் தன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடுக்கும்படி ஆண்டவர் சொன்னதும் இதற்காகவே. கண் என்பது அத்தனை மென்மையான இடம்.

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 6-ஆம் அதிகாரத் தொடக்கத்தில், தவறில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்ப்படுத்தும்படி பவுல் சொல்லுகிறார். 'சீர்ப்படுத்து' என்பதற்கு அவர் எழுதிய கிரேக்கச் சொல் 'கட்டார்டிசோ' என்பதாகும். இதே சொல்லைத்தான் மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில், யாக்கோபும் யோவானும் தங்கள் தகப்பனோடு படகில் உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்த்த காட்சியில் காண்கிறோம். விலகிய எலும்பை அதன் இடத்தில் பொருத்துவதைக் குறிக்கவும் கிரேக்க வைத்தியர்கள் இச்சொல்லின் குடும்பத்தைப் பயன்படுத்தினார்கள்.

நம் கடற்கரை ஊர்களில் வலை பொத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கரையில் காலை நீட்டி உட்கார்ந்து, வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு கண்ணாய்த் தடவிப்பார்த்து, அறுந்த இடத்தில் மட்டும் நூலைக் கோப்பார்கள். நல்ல கண்ணை அறுக்கமாட்டார்கள். அவசரப்படவும் மாட்டார்கள். நாளைக்கு அதே வலையோடு கடலுக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் அவர்கள் கையில் இருக்கும். எலும்பைப் பொருத்துகிறவரும் வலியில்லாமல் பொருத்த முடியாது. ஆனாலும் அவர் கை, இந்த மனிதன் மறுபடியும் நடக்கவேண்டும் என்பதை அறிந்த கை.

ஒட்டைக் குறித்து நம் ஆண்டவரும் பேசியிருக்கிறார். சலவையில் சுருங்காத புதுத்துணியைப் பழைய ஆடையில் ஒட்டுப்போட்டால், ஒட்டே ஆடையைக் கிழித்துக் கிழிசலைப் பெரிதாக்கும் என்றார். தாம் கொண்டுவந்த புதிய வாழ்வைப் பழைய மார்க்க ஒழுங்கின்மேல் வெறும் ஒட்டாக வைக்க முடியாது என்பதே அந்த உவமையின் முதன்மையான பொருள். ஆயினும் அதில் அடங்கிய நடைமுறை அறிவும் நமக்குரியது. ஒட்டு நல்ல துணியாக இருக்கலாம், கிழிசலும் உண்மையாக இருக்கலாம். அப்படியிருந்தும், ஆடையின் நிலையறியாமல் தைத்தால் தீங்கே மிஞ்சும். அந்தச் சகோதரருடைய வீட்டில் சொல்லப்பட்ட வார்த்தையில் உண்மை இருந்தது. உண்மையே கிழித்துவிட்டது.

இனி, காயப்பட்டவர்களாகிய உங்களிடம் ஒரு வார்த்தை. உங்களைக் காயப்படுத்தியதை நான் சிறிதாக்கமாட்டேன். ஆனால் எல்லாத் திருத்தத்திற்கும் கதவை அடைத்துவிட்டு நெடுநாள் வாழ முடியாது. அடைத்த கதவு, காயப்படுத்தின மனிதரை மட்டும் வெளியே நிறுத்துவதில்லை. வைத்தியரையும் வெளியே நிறுத்துகிறது. நான்கு ஆண்டுகள் பழையதாகிப்போன கம்ப்யூட்டர் அமைதியாகத்தான் ஓடும். ஓட்டைகளுக்குச் சத்தம் கிடையாது.

அந்தச் சகோதரரின் கடையில் அடுத்த மாதம் நிகழ்ந்ததைச் சொல்லவேண்டும். எங்கள் சபையில் கம்ப்யூட்டர் வேலை அறிந்த ஒரு வாலிபன் இருக்கிறான். அவனை அழைத்துக்கொண்டு போனேன். அவன் அப்டேட்டைப் பற்றி முதலில் பேசவேயில்லை. "அண்ணே, உங்களுக்கு எது போனா தாங்க முடியாது? அதை மட்டும் முதல்ல காட்டுங்க" என்று கேட்டான். பாக்கிக் கணக்கு, வாடிக்கையாளரின் விண்ணப்பங்கள், மகளின் படங்கள். அவை யாவற்றையும் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்தான். எடுத்ததோடு விடாமல், அந்த டிஸ்க்கை வேறொரு லேப்டாப்பில் மாட்டி, கோப்புகள் திறக்கின்றனவா என்று அவர் கண்முன்னே திறந்து காட்டினான். பிறகு டிஸ்க்கை அவர் கையிலேயே கொடுத்தான். சகோதரர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது பத்திரமா இருக்குன்னா போதும் தம்பி. இனி என்ன வேணாலும் போடு" என்றார்.

நான்கு ஆண்டுகள் அவரை எந்த எச்சரிக்கையும் அசைக்கவில்லை. ஆபத்து என்று சொன்ன சிவப்பு எழுத்து அசைக்கவில்லை. இழக்க முடியாதது பத்திரமாயிருக்கிறது என்ற நிச்சயம் ஒரு மாலையில் அசைத்துவிட்டது.

கொலோசெயர் 3-ஆம் அதிகாரத்தில் பவுல் இதே வரிசையில் எழுதுகிறார். அங்கே களைந்துபோடவேண்டியவற்றின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு: கோபம், மூர்க்கம், பொருளாசை, பொய். ஆனால் அந்தப் பட்டியலுக்கு முன்பாகவே, உங்கள் ஜீவன் கிறிஸ்துவோடு தேவனுக்குள் மறைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்ற நிச்சயத்தை அவர் நம் கையில் கொடுத்துவிடுகிறார். முதலில் காப்பு, பிறகு திருத்தம். நாம் திருத்தத்திற்கு அஞ்சுவது ஏன்? நம்மிடமுள்ள பிழை வெளிப்பட்டால் நாமே அழிந்துபோவோம், நம் மரியாதையோடு நாமும் போய்விடுவோம் என்று எண்ணுவதனால்தான். நம் ஜீவன் வேறோர் இடத்தில், எந்த மனிதனுடைய கையும் எட்டாத இடத்தில் பத்திரமாயிருக்கிறது என்று அறிந்தவர் பயப்படவேண்டியதில்லை. அவரைத் திருத்தலாம். அவருடைய பெருமை அழியும், அவர் அழியமாட்டார்.

பிறரைத் திருத்த விரும்புகிறவர்களுக்கும் இதுவே வழி. அன்பு பத்திரமாயிருக்கிறது என்பதை முதலில் காட்டுங்கள். சொல்லால் மட்டும் போதாது. அந்த வாலிபன் செய்ததுபோலத் திறந்து காட்டுங்கள். நீ என் மகன், இந்தப் பேச்சு எப்படி முடிந்தாலும் நீ என் மகனாகவே இருப்பாய் என்பது பிள்ளைக்குத் தெரியட்டும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் கடினமான வார்த்தையையும் அவன் தாங்குவான்.

அந்தச் சகோதரர் இன்னும் ஆலயத்திற்கு வரவில்லை. அதை மறைத்து இனிமையான முடிவு ஒன்றை எழுத எனக்கு மனமில்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒலிபெருக்கியில் உடைந்ததை, நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து, கொஞ்சங்கொஞ்சமாய், கையால்தான் சீர்ப்படுத்தவேண்டும். மாதம் ஒருமுறை கடை அடைக்கும் நேரத்தில் போகிறேன். சென்ற முறை அவரே, தன் மகளுக்காக ஜெபிக்கும்படி கேட்டார். கடைக்குள்ளே, ஜெராக்ஸ் இயந்திரத்தின் சூடு ஆறுமுன், நின்றபடியே ஜெபித்தோம்.

பிரியமானவர்களே, இந்த வாரம் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். ஆவியானவர் பல நாட்களாய் உங்களுக்கு உணர்த்திக்கொண்டிருக்கிற, நீங்களோ 'பிறகு' என்று சொல்லிவருகிற ஒரே ஒரு காரியத்தை எடுத்து, இன்றைக்கே அவர் முன்பாகத் திறந்துவையுங்கள். மேலும், நீங்கள் யாரையாவது கண்டிக்கவேண்டுமென்று எண்ணியிருந்தால், அதைப் பிறரிடம் ஒரு வார்த்தையும் சொல்லுமுன், அவருடைய வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். தனியே போங்கள். கேட்பதற்கென்று போங்கள்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, எங்களை ஆராய்ந்து அறிகிறவரே, உம்முடைய திருத்தத்தைத் தள்ளிப்போட்ட நாட்களிலும் எங்களைத் தள்ளிவிடாத உமது பொறுமைக்காய் ஸ்தோத்திரம். மனிதரின் கடினமான கைகளால் காயப்பட்டு, உமக்கும் கதவை அடைத்துக்கொண்டவர்களை நினைத்தருளும். அவர்களுடைய ஜீவன் உம்மிடத்தில் பத்திரமாயிருக்கிறது என்பதை அவர்கள் கண்டுகொள்ளச் செய்யும். பிறரைத் திருத்தும் பொறுப்பை ஏற்றிருக்கிற எங்களுக்கு வலை பொத்துகிறவனுடைய பொறுமையையும், எலும்பைப் பொருத்துகிறவனுடைய கவனத்தையும் தாரும். எங்கள் சகோதரரை இழந்துபோகாமல் ஆதாயப்படுத்திக்கொள்ள எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.